ஆறு டம்ளர் ஜூஸும் மூன்று கிலோவும்

நம்மூரில் உண்ணாவிரதம் எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். தலைவர் ஒருவர் வருவார், பந்தலில் சோர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு டம்ளரை நீட்டுவார். மறுநாள் பேப்பரில் 'பழரசம் கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார்' என்று படத்தோடு செய்தி வரும். 1948 ஜனவரி 18-ஆம் தேதி டெல்லியில் காந்தி தன் கடைசி உண்ணாவிரதத்தை முடித்தபோது மௌலானா ஆசாத் கொடுத்ததும் ஆரஞ்சுச் சாறுதான். இப்படி விரதத்தை முடித்துவைத்துக்கொண்டிருந்த பழரசமே இன்று விரதமாகிவிட்டது. ஜூஸ் ஃபாஸ்டிங், ஜூஸ் கிளென்ஸ், ஏழு நாள் டீடாக்ஸ் (நச்சு நீக்கம்) என்று பல பெயர்களில் விற்கிறார்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டு மூன்று நாளோ ஏழு நாளோ பழச்சாறும் காய்கறிச் சாறும் மட்டும் குடித்தால் எடை மளமளவென்று இறங்கும் என்கிறார்கள்.

இறங்கத்தான் செய்கிறது. சிக்கலே அங்கேதான். சுத்தமாக இறங்காமல் இருந்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் விட்டுத் தொலைத்திருப்பார்கள்.

இது புதிய சரக்கும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்லி பரோஸ் என்பவர் 1940-களிலேயே எலுமிச்சைச் சாறு, மேப்பிள் சிரப், மிளகாய்ப் பொடி, தண்ணீர் கலந்த ஒரு பானத்தைப் பத்து நாளும் அதற்கு மேலும் குடிக்கச் சொன்னார். பாடகி பியான்சே ஒரு படத்தில் நடிப்பதற்காக அதைக் குடித்து எடை குறைத்ததாக 2006-ல் சொன்ன பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊரில் அதற்கு அருகம்புல்லும் வாழைத்தண்டும் வெண்பூசணியும் சேர்ந்துகொண்டன. காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் பூங்கா வாசலில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டால், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே பேச்சு அந்த ஒரு டம்ளரைப் பற்றியது அல்ல. இட்லியை நிறுத்திவிட்டு டம்ளரை மட்டும் வைத்துக்கொள்வதைப் பற்றியது.

நானே ஒருமுறை செய்து பார்த்தவன். ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஆறு டம்ளர். சாத்துக்குடி, ஆரஞ்சு, கேரட், தர்பூசணி, சாயங்காலம் ஒரு வாழைத்தண்டு. முதல் நாள் மத்தியானம் தலைவலி. அது பசியால் வந்தது என்று நினைத்தேன், காபியை நிறுத்தியதால் வந்தது என்று பிறகுதான் உறைத்தது. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் தாளித்தார்கள். அந்த வாசனையில் நான் பட்ட பாட்டை எழுதினால் மானம் போய்விடும். ஆறாம் நாள் காலை எடை மெஷினில் ஏறினால் 3.1 கிலோ குறைந்திருந்தது. பேன்ட் தளர்ந்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்து பத்து நாள் ஆனபோது அதில் இரண்டரை கிலோ திரும்பியிருந்தது. அந்தப் பத்து நாளில் நான் பெரிதாக ஒன்றும் வெட்டவில்லை. அப்படியானால் அந்த இரண்டரை கிலோ எங்கே போனது, எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். எனக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு, அதாவது 250 மில்லி, ஏறக்குறைய 110 கலோரி. ஆறு டம்ளர் என்றால் 660 கலோரி. ஒரு நாள் பற்றாக்குறை 1,440, ஐந்து நாளைக்கு 7,200. ஒரு கிலோ உடல் கொழுப்பைக் கரைக்க 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஆக, பற்றாக்குறை மொத்தமும் கொழுப்பிலிருந்தே போயிருந்தாலும், ஐந்து நாளில் கரைந்திருக்கக்கூடிய கொழுப்பு ஒரு கிலோவை எட்டாது. மெஷின் காட்டியதோ 3.1.

மீதி இரண்டு கிலோவுக்கு மேல் உள்ளதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு அவசரச் செலவுக்கு என்று கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் 400 கிராம் வரையும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்துவைத்திருக்கிறது. கையில் வைத்திருக்கும் சில்லறை மாதிரி. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் செலவாவது இந்தச் சில்லறைதான். 300 கிராம் செலவானால் அதோடு 900 கிராம் தண்ணீரும் சிறுநீராக வெளியேறும், கணக்கில் 1.2 கிலோ குறைந்துவிடும். (அந்த 300 கிராமும் எரிபொருள்தானே, ஆயிரத்துச் சொச்சம் கலோரி. பற்றாக்குறையிலிருந்து அதைக் கழித்தால் கொழுப்பின் பங்கு இன்னும் சுருங்கிவிடும்.)

அடுத்தது உப்பு. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று உப்பிலேயே ஊறிய உடம்பு திடீரென்று ஐந்து நாள் உப்பில்லாத சாறு குடித்தால், சிறுநீரகம் தேக்கிவைத்த தண்ணீரை இறக்கிவிடும். முகத்தின் வீக்கம் வடிந்து 'பளிச்'சென்று தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், குடலில் எப்போதும் இருக்கும் சாப்பாட்டுச் சுமை. உள்ளே ஒன்றும் போகவில்லை என்றால் அந்த எடையும் இருக்காது. ஆறாம் நாள் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டால் சோறு கிளைகோஜனை நிரப்பும், சாம்பார் உப்பைக் கொடுக்கும், தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பும். 'ஜூஸை நிறுத்தியதும் வெயிட் ஏறிவிட்டது' என்று பலர் சொல்வது இதைத்தான். ஏறியதும் பெரும்பாலும் கொழுப்பு இல்லை, இறங்கியதும் பெரும்பாலும் கொழுப்பு இல்லை.

தண்ணீர் போய் வந்தால் சரி, தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் போவது தண்ணீர் மட்டுமல்ல, தசையும்தான். இந்தியர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் பரிந்துரைக்கின்றன. 75 கிலோ ஆளுக்கு 62 கிராம். ஆறு டம்ளர் பழச்சாற்றில் மொத்தமே பத்து கிராம் தேறினால் அதிகம். உடம்பில் புரதத்துக்கென்று தனிக் கிடங்கு கிடையாது. பற்றாக்குறை வந்தால் தசையைத்தான் உடைத்தாக வேண்டும். இதில் மெஷின் நம்மை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், ஒரு கிலோ தசை கரைவதற்கு ஒரு கிலோ கொழுப்புக்கு வேண்டிய பற்றாக்குறையில் நாலில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அதனால் தசையை இழக்கிறவருக்கு மெஷின் சீக்கிரமாக நல்ல எண்ணைக் காட்டும்.

நமக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டிய விஷயம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து 2004-ல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடை அளவான பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்திய உடல்வாகை அந்த ஒரே படம் காட்டிவிட்டது. ஏற்கெனவே தசை குறைவாக உள்ள கூட்டம் நாம். இருக்கிற தசையையும் ஜூஸ் குடித்துக் கரைத்துவிட்டு, திரும்ப வரும்போது கொழுப்பாக ஏற்றிக்கொள்வது லாபமான வியாபாரம் இல்லை.

சரி, பழம் நல்லதுதானே, பழத்தின் சாறு மட்டும் எப்படிக் கெட்டதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜூஸ் கடையில் நின்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு மூன்று, நான்கு சாத்துக்குடி உள்ளே போகிறது. டம்ளரில் சாறு வருகிறது, பக்கத்து வாளியில் சக்கை விழுகிறது. பசியை அடக்கும் சரக்கு அந்த வாளியில் இருக்கிறது. காசு கொடுத்து நாம் வாங்கிப்போவது சர்க்கரைத் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமினும்.

இதை இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1977-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரே அளவு மாவுச்சத்தைப் பத்துப் பேருக்கு மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஆப்பிள் சாறு. சாற்றைக் குடிப்பது முழுப் பழத்தைத் தின்பதைவிடப் பதினோரு மடங்கு வேகமாக முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்துக்குத்தான் அதிகம், சாற்றுக்குக் குறைவு. சாறு குடித்தபோது இன்சுலின் அதிகமாக ஏறியது. கொஞ்ச நேரத்தில் ரத்தச் சர்க்கரை ஆரம்பித்த இடத்துக்கும் கீழே இறங்கியது. முழு ஆப்பிள் தின்றபோது அப்படி இறங்கவில்லை. ஜூஸ் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கையெல்லாம் நடுங்குவதுபோல ஒரு பசி எடுக்குமே, அதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 1,87,000 சுகாதாரப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013-ல் வந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. ஆப்பிள், திராட்சை போன்ற பழங்களை முழுதாகத் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றில் உள்ள இயற்கைச் சர்க்கரையையும் நாம் டீயில் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது அதன் யோசனை. ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். கரும்புச் சாற்றில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் என்று 2024-ல் வந்த இந்திய உணவு வழிகாட்டி எச்சரிக்கிறது. அதே ஆண்டு ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட் ஜூஸ்களின் அட்டையிலிருந்து '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை எடுக்கச் சொல்லிவிட்டது. 'நாங்கள் கோல்ட் பிரஸ்டு, சூடே ஏறாமல் பிழிகிறோம்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். எப்படிப் பிழிந்தாலும் சக்கை வாளிக்குத்தான் போகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரவ உணவிலேயே எடை குறைப்பது வேலைக்கே ஆகாது என்று சொல்ல முடியாது. ஆகும், நன்றாகவே ஆகும். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைட் பகுதியிலும் நடந்த டைரெக்ட் என்ற சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை, ஒரு நாளைக்கு சுமார் 830 கலோரி மட்டும் உள்ள பானத்தைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. சராசரி எடைக் குறைவு பத்து கிலோ.

அப்படியானால் அதற்கும் நம்ம ஜூஸுக்கும் என்ன வித்தியாசம்? கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்தப் பானத்தில் ஒரு நாளைக்கு 50 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தது, வைட்டமினும் தாதுக்களும் அளந்து சேர்க்கப்பட்டிருந்தன. சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் முதல் நாளே மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தினார்கள். அதைவிட முக்கியம், பானத்தை நிறுத்தியதும் 'போய்ச் சாப்பிடுங்கள்' என்று கைகழுவவில்லை. சில வாரங்கள் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வேளையாகச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதன் பிறகும் மாதந்தோறும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழு நாள் பேக்கேஜ் விற்கிறவர் எட்டாம் நாள் போனை எடுக்கிறாரா என்று பாருங்கள்.

இன்னொரு உதாரணத்தையும் ஜூஸ்காரர்கள் அடிக்கடி இழுப்பார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியேரி 1965 முதல் 1966 வரை 382 நாள் சாப்பிடாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். கதை உண்மைதான். ஆனால் டண்டீ நகர மருத்துவமனையின் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனைகள், வைட்டமின், பொட்டாசியம் எல்லாவற்றோடும் இருந்தவர் அவர். ஆரம்பிக்கும்போது 207 கிலோ கையிருப்பும் இருந்தது. 68 கிலோ ஆள் அவரைப் பின்பற்றுவது, பத்து ஏக்கர் வைத்திருப்பவன் விற்கிறான் என்று இருக்கிற அரை ஏக்கரையும் விற்பது மாதிரி.

டீடாக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் சிறுநீரகங்கள் தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன, கல்லீரல் தன் வேலையை இரவு பகலாகப் பார்க்கிறது. பீட்ரூட் சாறு இந்த வேலையில் எந்த நச்சை, எவ்வளவு வெளியேற்றுகிறது என்று விற்கிறவரைக் கேளுங்கள். ஒரு பெயரும் வராது.

ஆபத்துகள் வேறு கதை. அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் 'இயற்கைதானே, என்ன ஆகிவிடும்' என்பதுதான் நம் ஊர் வாதம். 2010-ல் டெல்லியில் விஞ்ஞானி ஒருவர் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாறு குடித்து இறந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து ஓர் எளிய அறிவுரை சொன்னது: சாறு எடுக்கும் முன் சுரைக்காயில் ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போடுங்கள், வேறு சாற்றோடு கலந்தும் குடிக்காதீர்கள். சில காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு ஏறியிருக்கும். கூட்டு வைக்கும்போது கசந்தால் முதல் வாயிலேயே துப்பிவிடுவோம். 'மருந்து கசக்கத்தான் செய்யும்' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரோடு குடிப்பவர்களுக்குத்தான் கண்டம். கேரளத்தில் கொலஸ்ட்ரால் குறையும் என்று இரும்பன் புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் கெட்டியாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. காரணம் அதிலுள்ள, சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் ஆக்சலேட் என்ற பொருள். பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும்கூட அது ஏராளம். பொரியலாக ஒரு கைப்பிடி தின்றால் ஒன்றுமில்லை, ஒரு கட்டையே பிழிந்து தினமும் குடித்தால் கணக்கு மாறிவிடும்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான தேசிய ஆய்வு. அவர்களில் கிளிமிபிரைடு மாத்திரை போடுபவர்கள், இன்சுலின் ஊசி போடுபவர்கள் சாப்பாட்டை நிறுத்தினால் லோ சுகர் ஆகி விழுந்துவிட வாய்ப்புண்டு. ஜூஸ் குடித்ததும் ஒரே ஏற்றம், அப்புறம் ஒரே இறக்கம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் பழச்சாறும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கலாம். கொழுப்பே இல்லாத உணவில் பித்தப்பைக்குச் சுருங்கும் வேலை இல்லாமல் போய், வேகமாக எடை குறைப்பவர்களுக்குக் கல் உருவாவதும் நன்றாகத் தெரிந்த விஷயம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டோடு ஏற்கெனவே மனப்போராட்டம் நடத்துபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரில் சிறையிலிருந்து மீண்டவர்களிடம்தான் இதை மருத்துவர்கள் முதலில் கவனித்தார்கள்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்று பாட்டிமார்கள் சொன்னார்களே என்றால், சொன்னார்கள்தான். காய்ச்சலிலும் அஜீரணத்திலும் ஒரு வேளை, இரண்டு வேளை வயிற்றைக் காயப்போடு என்பதற்குச் சொன்னது அது. ஏகாதசிக்கு ஒரு நாள் பட்டினி இருந்தவர்கள் மறுநாள் எடை மெஷினைத் தேடவில்லை, துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையைத் தேடினார்கள். உடம்பில் வேறு கோளாறு இல்லாதவர் ஒரு நாள் ஜூஸ் குடித்து இருந்தால் குடி முழுகிவிடாது. அதை எடைக் குறைப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் பூங்காவில் கூட நடக்கும் நண்பர் ஒருவர் 'ஏழு நாள் ஏபிசி ஜூஸ் போடலாமா சார்?' என்று கேட்டார். ஆப்பிள், பீட்ரூட், கேரட். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார் என்று தெரியும். 'ஒரு டம்ளருக்கு என்ன போடுவீங்களோ அதை அப்படியே நறுக்கித் தட்டுல வச்சு, காலை டிபனுக்கு முன்னாடி சாப்பிட்டுப் பாருங்க, மிக்ஸி வேண்டாம்' என்றேன். ஒரு ஆப்பிள், அரை பீட்ரூட், இரண்டு கேரட். மறுநாள் தாடையைத் தடவிக்கொண்டு வந்தார். முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனதாம், அரை கேரட் மிச்சமாம். வழக்கமாக நாலு இட்லி சாப்பிடுபவர் அன்றைக்கு இரண்டோடு எழுந்துவிட்டாராம். 'பீட்ரூட்டை மட்டும் லேசா வேக வச்சுக்கலாமா சார், பச்சையா மண் வாசனை அடிக்குது' என்று கேட்டார். தாராளமாக வேகவைக்கலாம், கூடவே அவித்த சுண்டல் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.